ஆதிப்புள்ளி எங்கே இருக்கிறது? கேட் ஸ்கிரிப்ட் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேட் எனப்படும் கணினிவழி வரைபட மென்பொருளில் ஸ்கிரிப்ட், அதாவது வரையும் வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல், எழுதத் தொடங்குபவர்களுக்கு முதல் வாரம் சுகமாகப் போகும். கோடு சொன்ன இடத்தில் வரும், வட்டமும் வரும். பிறகு வேறொருவர் வரைந்த ட்ராயிங்கைத் திறந்து அதே ஸ்கிரிப்டை ஓட்டுவார்கள். கோடு திரையிலேயே இருக்காது. தேடிப் பார்த்தால் எங்கோ தொலைவில், சாய்ந்தோ தலைகீழாகவோ கிடக்கும். அந்த நேரத்தில் எழும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைகளின் பெயர்களையும் சார்புகளின் பெயர்களையும் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகளில் ரைனோ, ஃப்ரீகேட், ஓபன்ஸ்கேட், ரெவிட், சாலிட்வொர்க்ஸ் போன்ற கேட் மென்பொருள்களும் வரும், ஆட்டோகேட் அதிகம் வரும். என் கை பழகியது அதில்தான்.

ஆதிப்புள்ளி என்றால் பூச்சியம், பூச்சியம், பூச்சியம். இதில் கேட்க என்ன இருக்கிறது?

எங்கிருந்து பூச்சியம் என்பதைக் கேட்க வேண்டும். "இடப்பக்கம் மூன்றாவது வீடு" என்று ஒருவர் வழி சொன்னால், அவர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்று தெரியாமல் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. 30, 20 என்ற ஆயத்தொலைவும் அப்படித்தான். ஆதிப்புள்ளியும் அச்சுகளின் திசையும் சேர்ந்தால்தான் அது ஓர் இடம். இல்லையென்றால் வெறும் இரண்டு எண்கள்.

ஒரே ட்ராயிங்கில் ஒரே நேரத்தில் பல ஆதிப்புள்ளிகள் உயிரோடு இருக்கும். ட்ராயிங்கின் மாறாத அடிப்படை அமைப்பான உலக அமைப்புக்கு ஒன்று, பயனர் அமைத்துக்கொண்டதற்கு ஒன்று, ஒவ்வொரு பிளாக்குக்கும் (ஒன்றாகக் கட்டிப் பல இடங்களில் செருகும் பொருள்தொகுதி) உள்ளே ஒன்று, ஸ்கெட்ச் தளத்துக்கு ஒன்று, திரைக்கு ஒன்று. மென்பொருள் இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. குழம்புவது நம் ஸ்கிரிப்ட்தான். நான் கடைப்பிடிக்கும் ஒரே ஒழுங்கு இது: ஸ்கிரிப்டுக்குள் எல்லாம் உலக அமைப்பிலேயே இருக்கும். வெளியிலிருந்து புள்ளி வரும்போது வாசலிலேயே உலக அமைப்புக்கு மாற்றுவேன், வெளியே அனுப்பும்போது வாசலிலேயே திருப்பி மாற்றுவேன். நடுவில் எங்கும் மாற்றுவதில்லை. மாறியின் பெயரிலேயே அது உலகப் புள்ளியா பயனர் புள்ளியா என்று எழுதிவிடுவேன். பெயர் நீளமாகும்தான். பிழை தேடும் இரவு அதைவிட நீளம்.

ஆட்டோகேடில் எந்தச் சார்பு எந்த அமைப்பில் பேசுகிறது?

அதிகத் தலைவலி தரும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஆட்டோகேடின் ஸ்கிரிப்ட் மொழியான ஆட்டோலிஸ்பில், பயனரிடம் புள்ளி கேட்கும் 'கெட்பாயின்ட்' தருவது நடப்பில் உள்ள பயனர் அமைப்பின் புள்ளி, அதாவது யு.சி.எஸ். 'கமாண்ட்' வழியாகக் கோடு, வட்டம் என்று கட்டளை கொடுத்தால் அதுவும் யு.சி.எஸ்ஸில்தான் புள்ளியை எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டை மட்டும் பயன்படுத்தும் ஸ்கிரிப்ட் எந்த ட்ராயிங்கிலும் ஓடும். அதனால்தான் முதல் வாரம் சுகமாகப் போகிறது.

வேகத்துக்காக, கட்டளை இல்லாமல் பொருளை நேரடியாக உருவாக்கும் 'என்ட்மேக்' பக்கம் போகும் நாளில் சிக்கல் வரும். என்ட்மேக், பொருளின் தரவைப் படிக்கும் என்ட்கெட் இரண்டும் கோட்டின் முனைகளை உலக அமைப்பில் கையாளுகின்றன. பயனர் தன் ஆதிப்புள்ளியை உலக அமைப்பின் 100, 50 என்ற இடத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அவர் உலக அமைப்பின் 130, 70 இல் சொடுக்குகிறார். கெட்பாயின்ட் தருவது 30, 20. அதை அப்படியே என்ட்மேக்கிடம் கொடுத்தால் கோடு உலக அமைப்பின் 30, 20 இல் தொடங்கும், அதாவது 100, 50 அளவு தள்ளி. ஸ்கிரிப்ட் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாது. தவறான இடத்தில் சரியான கோடு ஒன்று வரையப்பட்டிருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு மருந்து 'ட்ரான்ஸ்' என்ற சார்பு. 0 உலக அமைப்பு, 1 நடப்பு யு.சி.எஸ், 2 திரையின் அமைப்பு, 3 பேப்பர் ஸ்பேஸின் (அச்சுத்தாளை அமைக்கும் பகுதி) திரை அமைப்பு. கெட்பாயின்ட் தந்ததை 1 இலிருந்து 0 க்கு மாற்றிய பிறகு என்ட்மேக்கிடம் கொடுங்கள்.

பொருளைத் தேர்ந்தெடுக்கும் 'என்ட்செல்' தரும் சொடுக்குப் புள்ளியும் யு.சி.எஸ்ஸில் உள்ளதுதான். வளைகோட்டின் மேல் மிக அருகிலுள்ள புள்ளியைத் தேடித் தரும் வி.எல்.ஏ.எக்ஸ் கர்வ் குடும்பமோ உலக அமைப்பை எதிர்பார்க்கிறது. இரண்டையும் நேராகக் கோத்துவிடும் ஸ்கிரிப்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் எழுதியிருக்கிறேன்.

வேறு மொழியில் எழுதினால் விதியும் மாறும். வி.பி.ஏ மொழி வழியாக ஆக்டிவ்எக்ஸ் இடைமுகத்தைப் பயன்படுத்தும்போது கெட்பாயின்ட் உலக அமைப்பிலேயே புள்ளியைத் தருகிறது. டாட்நெட்டில், பயனரோடு பேசும் எடிட்டர் என்ற பகுதியின் கெட்பாயின்ட் யு.சி.எஸ்ஸில் தருகிறது, அதை எடிட்டரிடமே உள்ள பயனர் அமைப்பு அணியால் (மேட்ரிக்ஸ்) உருமாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே பெயர், ஒரே மென்பொருள், இரண்டு பழக்கம். பழைய வி.பி.ஏ நிரலை டாட்நெட்டுக்கு வரிக்கு வரி மாற்றுபவர்கள் விழும் குழி இதுதான்.

கோடுகள் சரியாக வருகின்றன. வட்டம் மட்டும் ஆதிப்புள்ளியின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. ஏன்?

வட்டம் தன் மையத்தைத் தனக்கே உரிய அமைப்பில் எழுதிவைத்துக்கொள்கிறது. பொருள் ஆயத்தொலைவு அமைப்பு, சுருக்கமாக ஓ.சி.எஸ். வட்டம், வில், எழுத்து, பிளாக் செருகல், இருபரிமாண பாலிலைன் (தொடர்கோடு) எல்லாம் இந்த வகை. கோடு, புள்ளி, முப்பரிமாண பாலிலைன் உலக அமைப்பில் நிற்கின்றன. நீள்வட்டமும் உலக அமைப்பில்தான் இருக்கிறது. வட்டத்துக்கு ஒரு சட்டம், நீள்வட்டத்துக்கு ஒரு சட்டமா என்று கேட்டால், ஆம்.

இப்படி வைத்ததற்கு இடச்சிக்கனம் ஒரு காரணம். தட்டையான பொருளுக்கு ஒவ்வொரு முனையிலும் மூன்று எண்களைச் சேமிப்பதைவிட, தளத்துக்குச் செங்குத்தான திசையையும் (இனி செங்குத்துத் திசை) தள உயரத்தையும் ஒரு முறை எழுதிவிட்டு முனைக்கு இரண்டிரண்டு எண்களாகச் சேமிப்பது சிக்கனம். என்ட்கெட் தரும் பட்டியலில் செங்குத்துத் திசை 210 என்ற குறியீட்டில் இருக்கும். இருபரிமாண பாலிலைனின் ஒரு வகையான லைட்வெயிட் பாலிலைனில் தள உயரம் 38 இல் இருக்கும்.

செங்குத்துத் திசை மட்டும் தெரிந்தால் இசட் அச்சு கிடைத்துவிடும். எக்ஸ் அச்சு எந்தப் பக்கம் என்பதற்கு ஆட்டோகேட் ஒரு நிலையான விதி வைத்திருக்கிறது. செங்குத்துத் திசையின் எக்ஸ், ஒய் கூறுகள் இரண்டுமே, குறியை நீக்கிப் பார்த்தால், 1/64 ஐ விடச் சிறியவையாக இருந்தால் உலக ஒய் அச்சை அந்தத் திசையோடு குறுக்குப் பெருக்கி எக்ஸ் அச்சு எடுக்கப்படும். இல்லையென்றால் உலக இசட் அச்சைக் குறுக்குப் பெருக்கி எடுக்கப்படும். 1/64 என்பது 0.015625; தசமத்திலும் இரும எண்ணிலும் மிச்சமின்றி எழுதக்கூடிய எண். எல்லைக்கோட்டில் இரண்டு கணினிகள் இரண்டு விடை சொல்லாமல் இருக்க இது உதவும். ஓ.சி.எஸ்ஸின் ஆதிப்புள்ளி உலக ஆதிப்புள்ளியேதான். திரும்புவது அச்சுகள் மட்டுமே.

எண்களோடு பாருங்கள். மையம் 40, 25 இல் உள்ள ஒரு வட்டத்தை உலக ஒய் அச்சைச் சுற்றி 180 டிகிரி திருப்புங்கள். அது உண்மையில் மைனஸ் 40, 25 க்குப் போய்விட்டது. திரையிலும் அங்கேதான் தெரிகிறது. அதன் செங்குத்துத் திசை இப்போது 0, 0, மைனஸ் 1. மேலே சொன்ன விதிப்படி அதன் எக்ஸ் அச்சு உலக எக்ஸுக்கு நேரெதிராகிறது, ஒய் மாறவில்லை. எனவே என்ட்கெட்டில் மையத்தைப் பார்த்தால் இன்னும் 40, 25 என்றே இருக்கும்! இந்த எண்ணை எடுத்து அங்கே ஒரு கோடு வரைந்தால் கோடும் வட்டமும் 80 அலகு தள்ளி நிற்கும்.

ட்ரான்ஸுக்கு 'எதிலிருந்து' என்ற இடத்தில் எண்ணுக்குப் பதிலாகப் பொருளின் பெயரையோ செங்குத்துத் திசையையோ கொடுக்கலாம். பொருளின் பெயரிலிருந்து 0 க்கு மாற்றினால் உண்மையான மையம் கிடைக்கும். மேலிருந்து பார்த்து வரையும் சாதாரண இருபரிமாண ட்ராயிங்கில் ஓ.சி.எஸ்ஸும் உலக அமைப்பும் ஒன்றாகவே இருக்கும். அதனால் இந்தப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருந்துவிட்டு, யாரோ ஒரு பொருளைப் புரட்டிப்போட்ட நாளில் வெளியே வரும்.

ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே யு.சி.எஸ்ஸை உலக அமைப்புக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடாதா?

பாதி தீரும். புள்ளிகளைக் கோப்பிலிருந்து படித்து வரையும் ஸ்கிரிப்டுக்கு இது போதும். பயனரைச் சொடுக்கச் சொல்லும் ஸ்கிரிப்டில் இது அவமரியாதை. சாய்ந்த ஒரு கூரைத் தளத்தில் அச்சுகளை அமைத்துக்கொண்டு வேலை செய்பவரின் காலடியில் இருந்த தளத்தை உருவிவிடுகிறோம். அவர் 500 என்று தட்டினால் கூரையோடு போக வேண்டிய நீளம் வேறெங்கோ போகும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், திரும்ப வைப்பதை வேலை முடியும் இடத்தில் மட்டும் எழுதாதீர்கள். பிழை கையாளும் பகுதியிலும் எழுதுங்கள். பயனர் பாதியில் எஸ்கேப் விசையை அழுத்தினால் முடிவு வரி ஓடவே ஓடாது. அவர் அடுத்த ஒரு மணி நேரம் தவறான அமைப்பில் வரைந்துகொண்டிருப்பார். 'வேர்ல்ட்யுசிஎஸ்' என்ற அமைப்பு மாறி 1 என்று இருந்தால் ஏற்கெனவே உலக அமைப்பில்தான் இருக்கிறோம், தொடவே வேண்டாம். கட்டளை வரியில் ஒரே ஒரு புள்ளியை மட்டும் உலக அமைப்பில் சொல்ல வேண்டுமானால், எண்களுக்கு முன் நட்சத்திரக் குறி போட்டாலே போதும். ரைனோவில் அதே வேலைக்கு 'டபிள்யூ' எழுத்து.

ரைனோவிலும் இதே கதைதானா?

அங்கே யு.சி.எஸ்ஸுக்குப் பெயர் சி-பிளேன், அதாவது கட்டுமானத் தளம். அது ஒவ்வொரு வியூபோர்ட்டுக்கும், அதாவது திரையில் உள்ள ஒவ்வொரு பார்வைச் சாளரத்துக்கும், தனித்தனி. பைத்தான் சார்புகள் பெரும்பாலும் உலக அமைப்பில் புள்ளியை எடுத்துக்கொள்ளும். ஆனால் வட்டம் போடும் சார்புக்குத் தளத்தைக் கொடுக்காமல் மையப்புள்ளியை மட்டும் கொடுத்தால், வட்டம் அப்போது செயலில் உள்ள கட்டுமானத் தளத்துக்கு இணையாகப் படுக்கும். பயனர் கடைசியாக முன்பக்க வியூபோர்ட்டைச் சொடுக்கியிருந்தால் வட்டம் எழுந்து நிற்கும். வட்டம் போடும்போது தளத்தையே கொடுங்கள்.

எண்களை அச்சிட்டுப் பார்த்தேன், எல்லாம் சரி. ஆனாலும் கோட்டின் முனை பக்கத்துக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது.

இது ஆதிப்புள்ளிப் பிரச்சினையே இல்லை. அருகிலுள்ள முனை, மையம் போன்ற இடங்களில் புள்ளியை ஒட்டவைக்கும் ஆப்ஜெக்ட் ஸ்நாப் இயங்கிக்கொண்டிருக்கிறது. கமாண்ட் வழியாகக் கொடுக்கும் புள்ளியையும் அது இழுத்துக்கொள்ளலாம், அதுவும் திரை பெரிதாக்கப்பட்டிருக்கும் அளவைப் பொறுத்து. புள்ளிக்கு முன் 'நன்' என்ற ஸ்நாப் விலக்கைக் கொடுங்கள், அல்லது 'ஆஸ்மோட்' மாறியைச் சேமித்துவிட்டு 0 ஆக்குங்கள்.

புள்ளியையும் திசையனையும் ஏன் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள்? இரண்டுமே மூன்று எண்கள்தானே?

மூன்று எண்கள்தான், ஆனால் ஆதிப்புள்ளி நகர்ந்தால் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. "வடக்கே பத்து அடி" என்பது எங்கே நின்று சொன்னாலும் வடக்கே பத்து அடிதான். புள்ளியின் எண்கள் ஆதிப்புள்ளியோடு மாறும். திசையனின் எண்கள் அச்சுகளின் திருப்பத்தால் மட்டுமே மாறும். திசையனைப் புள்ளியைப் போல உருமாற்றினால் ஆதிப்புள்ளியின் இடப்பெயர்ச்சியும் அதோடு ஒட்டிக்கொள்ளும். ட்ரான்ஸுக்கு நான்காவதாக ஒரு மதிப்பு கொடுத்தால் அது உங்கள் எண்களைத் திசையனாக எடுத்துக்கொள்ளும். நகர்த்தும் தூரம், செங்குத்துத் திசை, துளையின் அச்சு இவையெல்லாம் திசையன்கள்.

திருப்பிவிட்டு நகர்த்துவதா, நகர்த்திவிட்டுத் திருப்புவதா?

10, 0 என்ற புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 90 டிகிரி திருப்பிப் பிறகு எக்ஸ் திசையில் 50 நகர்த்தினால் 50, 10 வரும். முதலில் 50 நகர்த்திப் பிறகு 90 டிகிரி திருப்பினால் 0, 60 வரும். திருப்பம் எப்போதும் ஆதிப்புள்ளியைச் சுற்றியே நடக்கிறது. ஆதிப்புள்ளியிலிருந்து தள்ளிப்போன பொருள் பெரிய வட்டமாகச் சுற்றி வருகிறது.

ஓபன்ஸ்கேடில் நகர்த்து, திருப்பு, கனசதுரம் என்று இடமிருந்து வலமாக எழுதினால், பொருளுக்கு மிக அருகில் உள்ள திருப்பம்தான் முதலில் நடக்கும். வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஃப்ரீகேடில் இரண்டு பிளேஸ்மென்ட்களை (பொருளின் இடமும் திருப்பமும்) பெருக்கினாலும் அப்படித்தான்: வலப்பக்கம் உள்ளது முதலில்.

வேறொரு புள்ளியைச் சுற்றித் திருப்ப வேண்டுமா? அந்தப் புள்ளி ஆதிப்புள்ளிக்கு வரும்படி நகர்த்துங்கள், திருப்புங்கள், பழைய இடத்துக்கே திரும்ப நகர்த்துங்கள்.

உருமாற்ற அணிகளை ஒரு சார்பிலிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது எல்லாம் சிதறுகிறது.

இடப்பெயர்ச்சி எந்த ஓரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சிலர் கடைசி நிரையில் எழுதுவார்கள், சிலர் கடைசி நிரலில் எழுதுவார்கள். (நிரல் என்ற சொல்லுக்குக் கணித வகுப்பில் ஒரு பொருள், கணினி வகுப்பில் வேறு பொருள். இங்கே கணித வகுப்பு.) ஆட்டோலிஸ்பே இதற்கு நல்ல சாட்சி. பிளாக்குக்குள் இருக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கும் 'என்என்ட்செல்' நான்கு நிரை, மூன்று நிரல் கொண்ட அணியைத் தருகிறது. இடப்பெயர்ச்சி கடைசி நிரையில் இருக்கும். அதன் உடன்பிறப்பான 'என்என்ட்செல்பி' நான்குக்கு நான்கு அணியைத் தருகிறது; இடப்பெயர்ச்சி கடைசி நிரலில் இருக்கும். திருப்பப் பகுதியும் அதற்கேற்ப நிரை நிரலாக மாறியிருக்கும். ஒன்றுக்கு எழுதிய பெருக்கலை மற்றதற்குப் பயன்படுத்தினால் பொருள் எதிர்த்திசையில் திரும்பும்.

பிளாக்குக்குள் பிளாக், அசெம்பிளிக்குள் அசெம்பிளி. உள்ளே இருக்கும் துளையின் உண்மையான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிளாக்குக்குள் இருக்கும் பொருள் பிளாக்கின் ஆதிப்புள்ளியை மட்டுமே அறியும். அதே துளை பத்து இடத்தில் செருகப்பட்டிருந்தால் அதற்குப் பத்து உண்மையான இடங்கள் உண்டு. எனவே "இந்தத் துளை எங்கே" என்று கேட்பதில் பொருளில்லை, "இந்த வழியாகப் போனால் இந்தத் துளை எங்கே" என்றுதான் கேட்க முடியும். வழியில் உள்ள ஒவ்வொரு அணியையும் வெளியிலிருந்து உள்ளே வரிசையாகப் பெருக்கிக்கொண்டு போங்கள்.

ஃப்ரீகேடில் ஒரு பொருளின் பிளேஸ்மென்ட் அது அடங்கியிருக்கும் பார்ட் கொள்கலனைப் பொறுத்தது. உலக இடம் வேண்டுமானால் 'கெட்குளோபல்பிளேஸ்மென்ட்' என்று கேட்க வேண்டும். ஒரு பொருளைக் கொள்கலனுக்குள் இழுத்துப் போட்டதும் அது திரையில் துள்ளி வேறிடத்துக்குப் போனால் காரணம் இதுதான்: எண்கள் அப்படியே இருக்கின்றன, ஆதிப்புள்ளி மாறிவிட்டது.

புதிய பாகம் ஒன்றை ஸ்கிரிப்டால் உருவாக்கும்போது அதன் ஆதிப்புள்ளியை எங்கே வைப்பது நல்லது?

பாகம் எதைத் தொட்டுக்கொண்டு அமரப்போகிறதோ அங்கே. திருகுக்குத் தலையின் அடித்தளமும் அச்சும் சந்திக்கும் இடம், கதவுக்குக் கீல் அச்சு, தாங்கிக்கு அது பொருந்தும் முகத்தின் மையம். பெட்டியின் மூலையில் வைப்பது சோம்பேறித்தனம். மென்பொருள்கள் அதைத்தான் இயல்பாகத் தருகின்றன. ஓபன்ஸ்கேடில் கனசதுரம் மூலையிலிருந்து தொடங்கும், உருளை அடிவட்டத்தின் மையத்திலிருந்து எழும், கோளம் நடுமையத்தில் இருக்கும். மூன்றையும் ஒன்றாக அடுக்கும்போது ஒன்று பாதியளவு தள்ளியிருப்பது ஏன் என்று தேட வேண்டாம். பாதியளவு தள்ளியிருந்தால் பெரும்பாலும் இதுவே காரணம்.

வடிவத்தின் நடுமையத்தில் ஆதிப்புள்ளியை வைப்பவர்களோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இன்று அழகாகத்தான் இருக்கும். நாளை ஒரு பக்கம் மட்டும் 5 மில்லிமீட்டர் நீட்டச் சொன்னால் நடுமையம் 2.5 மில்லிமீட்டர் நகரும், அதைப் பிடித்துத் தொங்கிய அத்தனை பாகங்களும் கூடவே நகரும்.

நில அளவை ட்ராயிங்கில் ஹேட்ச் (கோடுகளால் நிரப்பிய பகுதி) நடுங்குகிறது, வட்டம் பலகோணமாகத் தெரிகிறது, பரப்பளவு ஒவ்வொரு முறையும் சற்றே மாறுகிறது. கணினி கெட்டுவிட்டதா?

கணினி நலமாக இருக்கிறது. நீங்கள் ஆதிப்புள்ளியிலிருந்து வெகு தொலைவில் நிற்கிறீர்கள்.

பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யு.டி.எம் என்ற வரைபட அமைப்பில் ஒவ்வொரு மண்டலத்தின் நடு தீர்க்கரேகைக்கும் கிழக்கு எண்ணாக 5,00,000 மீட்டர் கொடுக்கப்படுகிறது. வடக்கு எண் நிலநடுக்கோட்டிலிருந்து தொடங்குவதால் எளிதாக இலட்சங்களைத் தாண்டும். 40,00,000 மீட்டர் வடக்கில் உள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்வோம்.

கேட் மென்பொருள்கள் ஆயத்தொலைவைப் பொதுவாக இரட்டைத் துல்லியத்தில் வைக்கின்றன, அதாவது 53 பொருளுறு இரும இலக்கங்கள், தசமத்தில் 15 அல்லது 16 இலக்கங்கள். 40,00,000 க்கு அருகில் அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு இடைவெளி ஒரு நானோமீட்டரிலும் பாதிக்குக் கீழே. கவலையே இல்லை. ஆனால் கிராபிக்ஸ் அட்டைக்கு அனுப்பும்போது பெரும்பாலும் ஒற்றைத் துல்லியம், 24 இருமஇலக்கம். அங்கே 40,00,000 க்கு அருகில் இடைவெளி 0.25 மீட்டர். கால் மீட்டருக்கு ஒரு படி என்று வைத்து வட்டம் வரைந்தால் அது எப்படி வட்டமாக இருக்கும்? நடுக்கத்துக்குக் காரணம் இதுதான். சில மென்பொருள்கள் திரைக்கு அனுப்பும் முன் தாமே நகர்த்திக்கொள்கின்றன, எல்லாம் அல்ல.

பரப்பளவு மாறுவதற்குக் காரணம் வேறு. முனைகளின் ஆயத்தொலைவுகளைக் குறுக்காகப் பெருக்கிக் கழிக்கும் சூத்திரத்தை நாமே ஸ்கிரிப்டில் எழுதியிருப்போம். அதே மனையை மில்லிமீட்டரில் வரைந்திருந்தால் 50 கோடியையும் 400 கோடியையும் பெருக்குகிறோம். பெருக்கல்தொகை 2 இன் பின்னே 18 பூச்சியம். அந்த அளவில் இரட்டைத் துல்லியத்திலேயே அடுத்தடுத்த எண்களின் இடைவெளி 256 சதுர மில்லிமீட்டர். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய விடையை எடுக்கும்போது, விடை முழுவதும் இந்த இடைவெளிக்குள் மூழ்கிவிடலாம். தீர்வு எளிது: முதல் முனையை எல்லா முனைகளிலிருந்தும் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். பரப்பளவுக்கு ஆதிப்புள்ளி எங்கே இருந்தாலும் ஒன்றுதான், கணினிக்குத்தான் ஒன்றல்ல.

திண்ம வடிவ மென்பொருள்களில் எல்லை இன்னும் நெருக்கம். பல மென்பொருள்களுக்கு அடித்தளமான பாராசாலிட் கருவி ஆதிப்புள்ளியை நடுவில் வைத்த 1000 மீட்டர் கனசதுரத்துக்குள்தான் வேலை செய்யும். எந்தப் பக்கமும் 500 மீட்டருக்கு மேல் போக முடியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஆதிப்புள்ளிக்கு அருகே நகர்த்திவிடலாமா?

நகர்த்தலாம், எவ்வளவு நகர்த்தினீர்கள் என்று எழுதிவைத்தால். ஆயிரத்தின் மடங்காக ஓர் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். மூலையின் சரியான ஆயத்தொலைவான 4,87,213.846 ஐக் கழிப்பதைவிட 4,87,000 ஐக் கழிப்பது நல்லது. கண்ணால் பார்த்தே கூட்டிக்கொள்ளலாம், கழித்ததா இல்லையா என்பதும் பார்த்தவுடன் தெரியும். அந்த எண்ணைக் கோப்பின் உள்ளேயே வையுங்கள். மின்னஞ்சலில் எழுதிவைத்த எண் ஆறு மாதத்தில் தொலைந்துவிடும். கட்டட மாதிரிகளைப் பரிமாறும் ஐ.எஃப்.சி 4 கோப்பில் இதற்கென்றே வரைபட மாற்றம் என்ற பகுதி இருக்கிறது. கிழக்கு, வடக்கு, உயரம், எக்ஸ் அச்சின் திசை, அளவுகோல் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு.

ரெவிட்டில் மூன்று ஆதிப்புள்ளிகள் தெரிகின்றன. எதை நம்புவது?

ஸ்கிரிப்ட் எழுதுபவர் உள் ஆதிப்புள்ளியை நம்ப வேண்டும். ஏ.பி.ஐ, அதாவது ஸ்கிரிப்ட் மென்பொருளோடு பேசும் இடைமுகம், தரும் புள்ளிகள் அதிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. அது நகராது. திட்ட அடிப்புள்ளியும் அளவைப் புள்ளியும் பயனருக்கு எண்களைக் காட்டுவதற்காக இருப்பவை. யாரும் எப்போதும் அவற்றை நகர்த்தலாம். பகிர்ந்த ஆயத்தொலைவு வேண்டுமானால் திட்ட இருப்பிடத்திடம் உருமாற்றத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது எந்தப் பக்கம் போகும் உருமாற்றம், நேரா நேர்மாறா என்பதைத் தெரிந்த ஒரு புள்ளியை வைத்துச் சோதித்துவிட்டே பயன்படுத்துங்கள்.

கட்டடத்தின் மாடித் தளங்களின் உயரத்திலும் இந்த இரட்டைக் கணக்கு உண்டு. 'எலிவேஷன்' என்ற பண்பு, தள வகையில் எதை அடிப்படையாக வைத்தார்களோ அதிலிருந்து அளக்கிறது. 'ப்ராஜெக்ட் எலிவேஷன்' அந்த அமைப்பைப் பொருட்படுத்துவதில்லை. கணக்குக்கு இரண்டாவதை எடுங்கள்.

அலகும் ஆதிப்புள்ளியும் ஒன்றோடொன்று தொடர்புடையவையா?

அலகு தவறினால் முதலில் தெரிவது ஆதிப்புள்ளி தவறியது போலத்தான். ரெவிட் ஏ.பி.ஐ எப்போதும் அடியில் பேசும். ஓர் அடி சரியாக 304.8 மில்லிமீட்டர். சாலிட்வொர்க்ஸ் ஏ.பி.ஐ ஆவணத்தின் அலகு எதுவானாலும் மீட்டரும் ரேடியனும். ஃப்ரீகேடுக்கு உள்ளே மில்லிமீட்டர். முப்பரிமாண அச்சுக்கு அனுப்பும் எஸ்.டி.எல் கோப்பில் அலகே கிடையாது. பொருள் தள்ளிப்போயிருந்தால் தூரங்களின் விகிதத்தைப் பாருங்கள். 1000, 25.4, 304.8 இவற்றில் ஒன்று வந்தால் ஆதிப்புள்ளியைத் தேடுவதை நிறுத்திவிடலாம்.

எஸ்.வி.ஜி ஆக ஏற்றுமதி செய்தால் தலைகீழாக வருகிறது.

எஸ்.வி.ஜி என்ற இணையப் பட வடிவத்தில் ஆதிப்புள்ளி மேல் இடது மூலை, ஒய் கீழ்நோக்கி வளரும். உயரத்திலிருந்து ஒய்யைக் கழித்தால் புள்ளிகள் நேராகிவிடும். ஆனால் வில்களை மறந்துவிடாதீர்கள். கண்ணாடிப் பிரதிபலிப்பில் கடிகார எதிர்த்திசை கடிகாரத் திசையாகிறது. ஆட்டோகேடின் பரிமாற்றக் கோப்பான டி.எக்ஸ்.எஃப் இல் வில் எப்போதும் கடிகார எதிர்த்திசையில்தான், எனவே தொடக்கக் கோணமும் முடிவுக் கோணமும் இடம் மாற வேண்டும், குறியும் மாற வேண்டும். பாலிலைனில் வளைவைக் குறிக்கும் பல்ஜ் எண்ணுக்குக் குறியை மட்டும் மாற்றினால் போதும்.

முப்பரிமாணத்தில் இதன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். கேடில் பெரும்பாலும் இசட் மேல்நோக்கி, ஜி.எல்.டி.எஃப் என்ற முப்பரிமாணக் கோப்பு வடிவத்தில் ஒய் மேல்நோக்கி. ஒய், இசட் எண்களை வெறுமனே இடம் மாற்றினால் பொருள் நிமிர்ந்து நிற்கும்தான், ஆனால் வலது கை இடது கையாகியிருக்கும். எக்ஸ், இசட், மைனஸ் ஒய் என்று எழுத வேண்டும்.

கணினி இயக்கும் வெட்டு இயந்திரமான சி.என்.சிக்கு அனுப்பும்போது எந்த ஆதிப்புள்ளி?

ட்ராயிங்கில் உள்ளது அல்ல. இயந்திரம் இயக்குபவர் பொருளைத் தொட்டு அமைக்கும் பணி ஆதிப்புள்ளி. இயந்திர நிரலில் ஜி54 முதல் ஜி59 வரை ஆறு இடங்கள் அதற்காக இருக்கின்றன. ஜி53 இயந்திரத்தின் சொந்த அமைப்பு. அவர் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு மூலையையோ துளையையோ ஆதிப்புள்ளியாக வைத்து ஏற்றுமதி செய்யுங்கள். காற்றில் மிதக்கும் புள்ளியை யாரும் தொட முடியாது.

இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சமச்சீரில்லாத ஒன்றை வைத்துச் சோதியுங்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒரு வாடிக்கையாளருக்காகத் தகட்டில் துளைகள் போடும் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆதிப்புள்ளியை நடுவில் வைத்த சதுரத் தகடு, நான்கு மூலையிலும் நான்கு துளை, எல்லாத் திசையிலும் திருப்பிப் பார்த்துச் சோதித்தேன். பிரமாதம். பிறகு வந்த உண்மையான தகட்டில் ஒரு பக்கம் மட்டும் ஐந்தாவது துளை இருந்தது. என் ஸ்கிரிப்ட் அதைக் கண்ணாடியில் பார்த்தது போல எதிர்ப்பக்கத்தில் போட்டது. தகடுகள் வெட்டப்பட்ட பிறகுதான் தெரிந்தது. சதுரத்தை எப்படிப் புரட்டினாலும் சதுரமாகத்தானே தெரியும்!

அதன்பின் என் சோதனைப் பொருள் ஒன்றுதான். எக்ஸ் திசையில் 70, ஒய் திசையில் 30, இசட் திசையில் 10 நீளமுள்ள மூன்று கோடுகள், ஒரு முனையில் சந்திப்பவை. எக்ஸ் கோட்டின் நுனியில் ஒரு சிறிய வட்டமும் ஓர் எழுத்தும். நீளங்கள் வெவ்வேறு என்பதால் அச்சு இடம் மாறினால் தெரியும், எழுத்து இருப்பதால் கண்ணாடிப் பிரதிபலிப்பு தெரியும், வட்டம் இருப்பதால் ஓ.சி.எஸ் பிழை தெரியும். இதை ஆதிப்புள்ளி நகர்ந்த, மூன்று அச்சையும் சுற்றித் திரும்பிய, 17, 41, 73 டிகிரி போன்ற அழகற்ற கோணங்கள் கொண்ட ஒரு யு.சி.எஸ்ஸில் ஓட்டுவேன். 90 டிகிரியிலும் 180 டிகிரியிலும் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சரியான விடையைத் தந்துவிடலாம்.

பிறகு போய்த் திரும்பும் சோதனை: ஒரு புள்ளியை உலக அமைப்பிலிருந்து பயனர் அமைப்புக்கும் அங்கிருந்து திரும்பவும் மாற்றி, பழைய எண்ணே வருகிறதா என்று பார்ப்பேன். ஒப்பிடும்போது சமக்குறி போடாமல் ஒரு சிறிய விலக்கத்தை அனுமதிக்க வேண்டும். ஆட்டோலிஸ்பின் 'ஈக்வல்' சார்பு அந்த விலக்கத்தைக் கடைசி உள்ளீடாக எடுத்துக்கொள்கிறது. ஆதிப்புள்ளிக்கு அருகே பத்து இலட்சத்தில் ஒரு பங்கு விலக்கம் எனக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. யு.டி.எம் எண்களை மில்லிமீட்டரில் வைத்திருப்பவர்கள் அதை ஆயிரத்தில் ஒரு பங்காகத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.